விரல் நுழையாத விரல்நசுக்கி

தையல் மெஷின் பழுதுபார்க்கும் அக்காவின் அப்பா, பழைய சிறைச்சாலையில் கைதிகளின் விரல்களை நசுக்கும் வேலையில் இருந்தவராம். போன வருடம் கடைத்தெரு முழுக்க இதே பேச்சு. டீக்கடைக் கணக்குப்படி பதினேழு கைதிகள். மருந்துக்கடைக் கணக்குப்படி நாற்பது. வங்கி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், கைவிரலே இல்லை, கால் கட்டைவிரல் என்று திருத்தினார். நசுக்கிய கருவி நூலகத்து மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பதில் மட்டும் மூன்று கட்சிகளும் ஒத்துப்போயின.

வதந்தி மேல் எனக்கு மரியாதை உண்டு. சம்பளம் வாங்காமல் இவ்வளவு உழைக்கிற வேறு எதையும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் பதினேழுக்கும் நாற்பதுக்கும் நடுவில் இருபத்துமூன்று பேர் இடிக்கிறார்கள். விசாரிக்கலாம் என்று கிளம்பினேன்.

அக்காவுக்கு ஐம்பத்துமூன்று வயது. வீட்டு முன்னறைதான் பட்டறை. உள்ளே நுழைந்தால் உட்கார இடம் தேட வேண்டும். நாற்காலியில் ஒரு மெஷின் தலைகீழாகக் கிடக்கும், ஸ்டூலில் இன்னொன்றின் மிதி இருக்கும், ஜன்னல் விளிம்பில் மருந்து பாட்டில் மூடிகளில் ரகவாரியாகத் திருகுகள். கதவைத் திறந்தாலே எண்ணெய் வாசனை. இந்தத் தொழிலை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் அவருடைய சொந்த மெஷின் நூலை அறுத்துக்கொண்டே இருந்தது. ஒரு மெக்கானிக் மூன்று முறை வந்தார், மூன்று முறையும் எண்ணெய் விட்டார், "இப்ப பாருங்க" என்றார், போய்விட்டார். நாலாவது முறை அவரைக் கூப்பிடாமல் அக்காவே திருப்புளியை எடுத்தார். ஊசி இறங்குகிற துளையின் ஓரத்தில் முடியளவுக்கு ஒரு பிசிறு. உப்புத்தாளால் நாலு தேய்ப்பு, அவ்வளவுதான். எரிச்சலில் ஆரம்பித்த தொழில். அந்த எரிச்சல் இன்னும் முழுசாக ஆறவில்லை.

மெஷினைக் கொண்டுவருகிறவர்கள் என்ன கோளாறு என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். அக்கா கையைக் காட்டி நிறுத்துவார். சக்கரத்தைக் கையாலேயே மெதுவாகச் சுற்றி, எந்த இடம் பளபளக்கிறது, எந்த இடம் கறுத்துக் கிடக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். எங்கே இரும்பு தேய்ந்திருக்கிறதோ அங்கேதான் வேலை நடந்திருக்கிறது என்பது அவர் கணக்கு. மனிதர்கள் சொல்வதைக் கேட்டு ஒரு மெஷினையும் அவர் திறந்ததில்லை.

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. சிறையில் காவலராக இருந்தவர். வேலையின் கடைசிப் பதினைந்து வருடம் துப்பாக்கி அறை அவர் பொறுப்பில் இருந்தது. அவருடைய டிரங்குப் பெட்டியின் அடியில், காக்கித் துணியில் சுற்றி ஓர் இரும்புச் சாமான் கிடந்தது. உள்ளங்கை நீளம். ஒரு முனை கிளி மூக்கு மாதிரி வளைந்திருக்கும். அதற்கு எதிரே முன்னும் பின்னும் நகர்கிற ஓர் உதடு. அதை நெருக்க, காது வைத்த ஒரு திருகு. உடம்பில் மூன்று புள்ளியும் ஒரு பிறையும் குத்தியிருந்தது. என்ன சாமான் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்றால் திரும்பச் சுற்றி வைத்துவிட வேண்டியதுதானே. அக்காவின் தம்பி அப்படிச் செய்யவில்லை.

தம்பிக்கு ஜெராக்ஸ் கடை. நாளெல்லாம் அடுத்தவர் பெயரையே நகல் எடுத்துக்கொண்டிருப்பதால், தன் பெயரும் எங்காவது ஒரு கல்லில் இருக்க வேண்டும் என்று ஆசை. நூலகத்து மாடியில் பழம்பொருள் அறை திறந்தபோது, பொருள் கொடுப்பவர்கள் பெயரைச் சுவரில் கல்வெட்டாகப் பதிப்போம் என்று அறிவித்தார்கள். காக்கித் துணியோடு தம்பி மாடிப்படி ஏறினார்.

மாடியில் இருந்தவர் பழம்பொருள் குழுவின் செயலாளர், ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். தெருவில் அவருக்கு 'ஆதாரம்' என்று பெயர். எதைச் சொன்னாலும் "ஆதாரம் இருக்கு" என்று முடிப்பார். யாரும் காட்டச் சொல்லிக் கேட்டதில்லை, அவரும் காட்டியதில்லை. தம்பி அந்தச் சாமானை மேஜையில் வைத்து, "எங்கப்பா ஜெயில்ல இருந்தாரு சார், இது என்னன்னு தெரியலை" என்றாராம். முதல் பாதியே வாத்தியாருக்குப் போதுமானதாக இருந்தது. மூன்று புள்ளி என்றால் மூன்று பேர். பிறை என்றால் வேலை ராத்திரியில் நடந்திருக்கிறது. அரை மணி நேரத்தில் அட்டை தயார்: 'எண் 31. விரல்நசுக்கி. கைதிகளிடம் உண்மையை வரவழைக்கப் பயன்பட்டது. நன்கொடை.' அடியில் அப்பாவின் பெயர், இனிஷியல் உட்பட. தம்பி பெயர் கல்லில் ஏறியது. கல் வெட்டுகிறவர் ஓர் எழுத்தை விட்டுவிட்டார் என்பது தனிக் கதை.

மாடியில் மூன்று பேராக இருந்தது தெருவுக்கு இறங்குவதற்குள் பதினேழானது. அக்கா கடைக்குப் போனால் பிள்ளைகள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். பழுது பார்த்த மெஷினைத் திரும்ப வாங்க வந்த ஒரு அம்மா, விளையாட்டாகத்தான், "விரல் பத்திரம்க்கா" என்றார். அப்பா வீட்டில் குரல் உயர்த்தியே பேசாதவர். அதுவும் இப்போது குற்றமாகிவிட்டது. வீட்டில் சத்தம் போடாதவர்கள் வேறெங்காவது போய்த்தான் தீர்த்துக்கொள்வார்கள் என்று மருந்துக்கடையில் ஒருவர் மனோதத்துவம் சொன்னார். அக்காவின் வீட்டுக்காரரோ கடைசியாக யார் பேசினார்களோ அவர்களை நம்புகிற மனிதர். காலையில் டீக்கடைக்குப் போய்விட்டு வந்து, மாமனார் படத்தை ஒரு மாதிரி பார்த்தாராம்.

நான் போனபோது அக்கா ஒரு மெஷினின் வயிற்றுக்குள் கையை விட்டிருந்தார். நிமிராமலே பேசினார். "இல்லைன்னு சண்டை போடவாவது எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல. எனக்கே தெரியலைங்க. அதான் கடுப்பா இருக்கு."

இன்னொரு சிக்கலும் இருந்தது. பழம்பொருள் அறைக்கு வாத்தியார் ஒரு கையேடு தயாரித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் போகப்போகிறது, ஆயிரம் பிரதி. இரண்டு வாரத்தில் அச்சுக்குப் போய்விடும். அட்டையைக் கிழித்துவிடலாம். ஆயிரம் பிரதியை யார் வீடு வீடாகப் போய்க் கிழிப்பது? அப்பாவின் பெயர் அதற்குள் விரல்நசுக்கியை விட்டு வெளியே வந்தாக வேண்டும்.

கண்ணாடிக்கு வெளியே நின்று சாமானைப் போட்டோ பிடித்து, அதை எடுத்துக்கொண்டு சுற்றினோம். பல் டாக்டர் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பல் சம்பந்தப்பட்டதில்லை, மூக்காக இருக்கலாம் என்றார். கடிகாரக்காரருக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. பெரிய கடிகாரத்துக்கு உரியது என்றார். எவ்வளவு பெரியது என்று அக்கா கேட்டதும் இரண்டு கையையும் விரித்து, விரித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார். தம்பியின் செல்போனில் படம் காட்டினால் பொருள் சொல்கிற வசதி இருந்தது. முதல் படத்துக்கு, தொண்ணூற்றாறு சதவீத உறுதியோடு, பாட்டில் திறப்பான் என்றது. கொஞ்சம் சாய்த்து எடுத்த படத்துக்கு நண்டு என்றது. ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர் போட்டோவைப் பார்த்துக் கோபப்பட்டார். விரலை நசுக்குவதற்குத் தனியாகக் கருவி வாங்க எந்தக் காலத்தில் பணம் ஒதுக்கினார்கள், மேஜை டிராயர் இருக்கும்போது எதற்கு என்று கேட்டவர், பாதியில் நான் எழுதுகிறவன் என்பது ஞாபகம் வந்து, இதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

ஐந்து நாள் இப்படிப் போனது. ஆறாவது நாள் அக்கா டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டார். "எல்லாரும் போட்டோவைத்தான் பாக்கறாங்க. சாமானைத் தொட்டுப் பாத்தவங்க ஒருத்தரும் இல்லை."

நூலகத்து மாடியில் வாத்தியார் கையேட்டின் பிழையைத் திருத்திக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அக்கா கேட்டார். முடியாது. பதிவேட்டில் ஏறிய பொருளைத் தொட, குழுவின் தீர்மானம் வேண்டும். தீர்மானத்துக்கு ஐந்து உறுப்பினர் வேண்டும். குழுவில் உயிரோடு இருப்பவர்கள் நாலு பேர். ஐந்தாமவரைச் சேர்க்கலாமே என்றால், சேர்ப்பதற்கும் ஐந்து பேர் தீர்மானம் போட வேண்டும். அப்படியே தீர்மானம் போட்டாலும் சாவி பொருளாளரிடம் இருக்கிறது. அவர் பேரப்பிள்ளையைப் பார்க்க வெளிநாடு போயிருக்கிறார், சாவியோடு.

அக்கா பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முன்பக்கம் பித்தளைப் பூட்டு, கனமானது. பின்பக்கம் கீல், அதன் நாலு திருகும் வெளியே பார்த்தபடி. பூட்டு வாங்கினவரும் கீல் அடித்தவரும் பேசிக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அக்கா திருப்புளியை எடுத்தார். வாத்தியார் எழுந்து வருவதற்குள் மூன்று திருகு மேஜைக்கு வந்துவிட்டது. நாலாவதைக் கழற்றும்போது அவரே கண்ணாடி விழாமல் தாங்கிப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது.

அக்கா சாமானை எடுத்தார். திருகை முழுக்கத் தளர்த்தினார். உதடு பின்னால் போய் முட்டி நின்றது. அந்த இடைவெளியில் தன் சுண்டுவிரலை வைத்தார். நுழையவில்லை. வாத்தியாரின் மேஜையிலிருந்த பென்சிலை எடுத்துச் செருகினார். அது மட்டும் சரியாக உட்கார்ந்தது.

"சார், நீங்க வெச்சுப் பாருங்க."

வாத்தியார் வைத்துப் பார்த்தார். நகத்தோடு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் தன் விரலையே பார்த்தார். பிறகு, "அந்தக் காலத்து ஆளுங்களுக்கு விரல் சின்னது" என்றார்.

பல் டாக்டர், கடிகாரக்காரர், நண்டு எல்லாவற்றையும் தாங்கின மனுஷி இங்கே ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். வாத்தியாரும் மனிதர்தான். இறங்கி வந்தார். விரல்நசுக்கி இல்லை என்றே வைத்துக்கொள்வோம், பிறகு இது என்ன? கையேட்டில் எண் முப்பத்தொன்றைக் காலியாக விட முடியாது, முப்பத்திரண்டாம் எண் பக்கமே அமைத்தாகிவிட்டது. இன்னதென்று சொன்னால் மாற்றிக்கொள்கிறேன், சொல்லாவிட்டால் இருப்பது இருக்கட்டும் என்றார். ஆக, ஒரு மனிதர் கொடுமைக்காரர் இல்லை என்று தெரிந்தால் மட்டும் போதாது. அந்த இடத்தை நிரப்ப வேறு ஏதாவது கொண்டுவர வேண்டும்.

அக்கா டார்ச்சை எடுத்தார். இரண்டு உதட்டின் உள்பக்கமும் சாய்வாக ஒரு கோடு பளபளத்தது. நசுக்குகிற வேலையாக இருந்தால் நடுவில் சமமாகத் தேய்ந்திருக்கும் என்றார். இது எதையோ பிடித்து வைத்துக்கொள்கிற சாமான். பிடித்த பொருள் ஒரு பக்கம் மூடி ஒரு பக்கம் விரிந்திருக்க வேண்டும், அதனால்தான் கோடு சாய்ந்திருக்கிறது. இரும்புப் பட்டையை இரண்டாக மடித்த மாதிரி.

"மடிப்பு ஸ்பிரிங்," என்றார். "தையல் மெஷின்ல கிடையாது. பழைய பூட்டுல இருக்கும். இல்லேன்னா..." நிறுத்திவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டார். துப்பாக்கிகளை அப்பா எங்கே பழுது பார்க்கக் கொடுப்பார் என்று கேட்டார். பக்கத்து ஊரில் ஒரு கடை, சிறை வண்டியில் எடுத்துப் போவார், ஒரு தடவை தானும் கூடப் போனதாகத் தம்பிக்கு ஞாபகம் இருந்தது.

சாமானை வெளியே கொண்டுபோக வாத்தியார் விடவில்லை. அக்கா கீழே பெட்டிக்கடைக்குப் போய் ஒரு துணி சோப்புக் கட்டி வாங்கி வந்தார். ஒரு பக்கம் இரண்டு உதட்டையும் அழுத்தினார், மறுபக்கம் மூன்று புள்ளியையும் பிறையையும். சாமானைத் துடைத்துப் பெட்டியில் வைத்து நாலு திருகையும் முன்னைவிட இறுக்கமாகவே பூட்டினார். மறுநாள் காலை, ஈரம் படாமல் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்த சோப்போடு பஸ் ஏறினோம்.

துப்பாக்கிக் கடையில் துப்பாக்கியைவிடப் பதிவேடு அதிகம். சுவரோரம் சங்கிலியில் கோத்து ஏழோ எட்டோ நின்றன, எல்லாம் காட்டுப்பன்றி விரட்டும் விவசாயிகளுடையவை. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். அக்கா டப்பாவைத் திறந்து சோப்பை எடுத்ததும் அவர் முகம் இறுகியது. "சோப்புல அச்சு எடுத்துட்டு வர்றவங்களை நான் வாசல்லேயே திருப்பி அனுப்பிடுவேன்" என்றார். சாவி இல்லை என்று அக்கா அவருக்குப் புரிய வைக்கவே பத்து நிமிடம் ஆனது.

சோப்பை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். உதட்டின் அச்சைப் பார்த்ததும், இதில் என்ன சந்தேகம் என்கிற மாதிரி, "ஸ்பிரிங் கிளாம்ப்" என்றார். துப்பாக்கியைச் சுட வைக்கிற பொறிக்குத்தான் பூட்டு என்று பெயராம்; பழைய பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து செய்தும் காட்டினார். அதில் சுத்தியல் மாதிரி வந்து அடிக்கிற குதிரையைப் பின்னால் இழுத்தார், மடிப்பு ஸ்பிரிங் நெருங்கியது. நெருங்கிய நிலையிலேயே கிளாம்பைச் செருகி, திருகை ஒரு சுற்று இறுக்கி, குதிரையை விட்டால், ஸ்பிரிங் விரிய முடியாமல் கிளாம்புக்குள்ளேயே நிற்கும். அப்படியே தூக்கி வெளியே வைக்கலாம். திரும்ப மாட்டுவதும் இதே வழிதான். அவரிடம் இருந்த கிளாம்ப் புதுசு, கடையில் வாங்கியது.

அக்கா மூச்சு விட்டதை நான் கேட்டேன். அப்பா துப்பாக்கி அறையில் துப்பாக்கி பழுது பார்த்திருக்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

அதற்குள் கடைக்காரர் சோப்பைத் திருப்பிவிட்டார். மூன்று புள்ளி, ஒரு பிறை. மேஜை டிராயரை இழுத்து ஒரு சுத்தியல், ஒரு அரம், ஒரு குறடு என்று வரிசையாக எடுத்து வைத்தார். எல்லாவற்றிலும் மூன்று புள்ளி, ஒரு பிறை. வேலைக்கு வருகிறவர்கள் சாமானைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவதால், அவருடைய அப்பா எல்லாவற்றிலும் தன் குறியைக் குத்தி வைத்திருந்தாராம்.

"எங்கப்பா கையாலயே செஞ்ச கிளாம்ப். ஜெயில்காரர் ஒருத்தர் ரெண்டு நாள்ல தர்றேன்னு இரவல் வாங்கிட்டுப் போனாரு. நான் அப்ப காலேஜ்ல படிச்சிட்டிருந்தேன்."

அக்கா மேஜையிலிருந்த குறட்டை எடுத்துக் குறியைத் தடவிப் பார்த்தார்.

கடைக்காரர் கோபமில்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருடைய அப்பாவுக்கு இன்னொன்று செய்ய நேரம் கிடைக்கவில்லை. இரண்டு மாதம் குறட்டால் ஸ்பிரிங்கைப் பிடித்து வேலை பார்த்தார். ஒரு நாள் குறடு வழுக்கி, ஸ்பிரிங் விரிந்து, இடது கட்டைவிரல் நசுங்கிப்போனது. நகம் திரும்ப வளரவே இல்லை. ஜெயில்காரர் அதன் பிறகும் இந்த ஊருக்கு வந்திருக்கிறார். வண்டி டிரைவரை மட்டும் கடைக்கு அனுப்பிவிட்டு, தான் எதிர்ச் சாரியில் நிற்பாராம். அப்பா இங்கிருந்து பார்ப்பார். கூப்பிட மாட்டார். கூப்பிட்டால் அவர் சங்கடப்படுவார் என்று.

இரண்டு நாள் தாமதம் என்றால் மன்னிப்புக் கேட்டுவிடலாம். இரண்டு மாதம் என்றால் காரணம் தயார் செய்ய வேண்டும். அதற்கும் மேல் போனால் எதிர்ச் சாரிதான். அக்காவின் அப்பா கிளாம்பைக் காக்கித் துணியில் சுற்றி, பெட்டிக்கு அடியில் வைத்து, யாரிடமும் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். விசாரிக்கக் கிளம்பிய எனக்குக் கணக்குக் கிடைத்துவிட்டது: பதினேழும் இல்லை, நாற்பதும் இல்லை. ஒன்று. அதுவும் அந்தக் கருவி இல்லாததால்.

பஸ்ஸில் திரும்பும்போது தம்பி போனில் கெஞ்சினார். துப்பாக்கிச் சாமான் என்று தெரிந்துவிட்டது, அதோடு விட்டுவிடு, இரவல் கதையை யாரிடமும் சொல்லாதே, கல்லில் பேர் இருக்கிறது என்றார். "கல்லுல இருக்கறது உன் பேரே இல்லைடா, ஒரு எழுத்து குறையுது" என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டார்.

நேராக நூலகத்து மாடி. ஸ்பிரிங் கிளாம்ப் என்றதும் வாத்தியாருக்கு மகிழ்ச்சிதான், அச்சுக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது. விரல்நசுக்கியை அடித்துவிட்டு எழுதிக்கொண்டார். அக்கா நகரவில்லை.

"நன்கொடைன்னு போட்டிருக்கறதையும் அடிங்க சார். இது எங்க சாமான் இல்லை. எங்கப்பா இரவல் வாங்கினது, திருப்பித் தரலை. அப்படியே போடுங்க. சாமானை எடுத்துக் குடுங்க, நான் போய்க் குடுத்துட்டு வந்துடறேன்."

வாத்தியார் பேனாவை மூடினார். பதிவேட்டில் நன்கொடை என்று ஒரு கட்டம் இருக்கிறது, விலைக்கு வாங்கியது என்று ஒரு கட்டம் இருக்கிறது, இரவலுக்குக் கட்டமே இல்லை என்றார். அடுத்தவர் பொருள் என்று சும்மா சொல்லிவிட்டால் போதுமா, நாளைக்கு ஆளுக்கு ஒன்றாக வந்து எடுத்துப் போய்விட்டால் பழம்பொருள் அறை என்னாவது என்றார். கடைசியில் அக்காவைப் பார்த்து, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஆதாரம் இருக்கா?"

அக்கா சோப்பை மேஜையில் வைத்தார். சோப்பு ஆதாரமாகாது என்றார் வாத்தியார். வெயிலில் பஸ் பயணம் செய்ததில் பிறையும் கொஞ்சம் மழுங்கிவிட்டிருந்தது.

கையேடு வந்துவிட்டது. ஆயிரம் பிரதியிலும் எண் முப்பத்தொன்று, 'ஸ்பிரிங் கிளாம்ப், துப்பாக்கி பழுது பார்க்கும் கருவி, நன்கொடை' என்று இருக்கிறது. அடியில் அப்பாவின் பெயர். பிள்ளைகள் இப்போது கையை மறைப்பதில்லை. டீக்கடையில், சிறையில் துப்பாக்கியெல்லாம் தயாரித்த மனிதர் என்று புதிதாக ஒன்று உலவ ஆரம்பித்திருக்கிறது.

நாலு திருகுதானே, நீங்களே எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்களேன் என்று நான் ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். அக்கா பாபினில் சிக்கிய நூலை ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தார். "இந்த மாதிரி சொல்லாம செய்யறதுல ஏற்கெனவே எங்க வீட்டுல ஒருத்தர் பட்டதெல்லாம் போதும்" என்றார்.

புதுசாக ஒன்று செய்து தரட்டுமா என்று துப்பாக்கிக்காரரிடம் அக்கா கேட்டிருக்கிறார். வேண்டாம் என்றுவிட்டார். வேலைக்கு அவரிடம் கிளாம்ப் இருக்கிறது, அப்பா செய்தது ஒன்றுதான் இல்லை. மாதம் ஒரு தரம் அவர் போன் செய்கிறார். அவசரமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். குழுவில் ஐந்தாவது ஆள் சேர்ந்தாயிற்றா என்று கேட்கிறார். அக்கா எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்து, இன்னும் இல்லைங்க என்கிறார்.